நீக்கிலார் சொல்லாத மீன்கள்

இல்லை, அது பொய்யில்லை. நீக்கிலாப்பிள்ளை பொய் சொல்கிற ஆள் கிடையாது. கேட்கிறவர் நம்ப வேண்டும் என்று சொல்வதுதான் பொய். தான் சொன்னதை ஒருவர் அப்படியே நம்பிவிடுவார் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. இந்த வித்தியாசத்தைப் பிரெஞ்சில் விளங்கப்படுத்த எனக்கு ஒரு மணித்தியாலமும் இரண்டு கோப்பியும் பிடித்தது. தமிழில் கெதியாக முடியும் என்று நினைக்கிறேன்.

அவர் என் சம்பந்தி. அவருடைய மகன் நிஷானைத்தான் என் மகள் சாம்பவி கட்டியிருக்கிறாள். அவர்கள் குருநகர், கத்தோலிக்க வேதக்காரர். நாங்கள் கோப்பாய், சைவம். கலியாணம் இரண்டு முறை நடந்தது, சாப்பாடும் இரண்டு முறை. நான் அவரை அண்ணை என்பேன், அவரும் என்னை அண்ணை என்பார். யார் மூத்தவர் என்பது இன்னும் தீரவில்லை. வயதைக் கேட்டால் அவர் குறைத்துத்தான் சொல்லுவார்.

எல்லாவற்றையும் குறைத்துத்தான் சொல்லுவார். அது தொழிலில் வந்த பழக்கம். குருநகரில் பத்து வயதில் வள்ளத்தில் ஏறி, பத்தொன்பது வருடம் கடலில் நின்றவர். அங்கே வள்ளம் கரைக்கு வரும்போது, நிற்கிறவர்கள் பாடு எப்படி என்று கேட்பார்கள். பாடு என்றால் அன்றைக்குப் பட்ட மீன். அதற்குப் பதில் ஒன்றுதான்: கறிக்குக் காணும், அதாவது வீட்டுக் கறிக்குப் போதும். பாரத்தில் வள்ளம் தாழ்ந்து விளிம்பில் தண்ணீர் தொட்டாலும் கறிக்குக் காணும்தான். இல்லை, தொகை சொல் என்று ஒருவர் விடாமல் நின்றால், சொச்சத்தை விட்டு மூன்றில் ஒன்றைச் சொல்லுவார்கள். முழுத்தொகையை வாய்விட்டுச் சொன்னால் வலைக்குக் கண்ணூறு, அடுத்த நாள் வலை வெறுமை. கேட்கிறவருக்கும் இது தெரியும். நாலு என்று கேட்டவர் மனதுக்குள் பன்னிரண்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஒருவரும் ஏமாறுவதில்லை. ஊர் முழுக்க மூன்றால் பெருக்கத் தெரிந்த சனம்.

மொன்றியலில் அப்படிப் பெருக்குகிறவர்கள் குறைவு.

எண்பத்தேழில் இங்கே வந்து இறங்கியபோது, அகதி விசாரணையில் ஊரில் என்ன தொழில், எவ்வளவு மீன் பிடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கறிக்குக் காணும் என்றார். மொழிபெயர்த்தவர் கடல் தெரியாத மானிப்பாய்க்காரர், சொல்லைச் சொல்லாகவே மாற்றிக் கொடுத்தார். வீட்டுத் தேவைக்கு மட்டும் மீன் பிடித்தவர் என்று கடதாசியில் ஏறியது. இவருக்கு அங்கே இரண்டு வள்ளமும் ஏழு தொழிலாளரும் இருந்தார்கள். வழக்கு நாலு வருடம் இழுத்தது.

பிறகு நகரத்து ஹோட்டல் ஒன்றின் குசினியில் இருபத்தாறு வருடம் பாத்திரம் கழுவினார். பிரெஞ்சில் எண்கள் அங்கேதான் பழகினார், தட்டு அடுக்கி எண்ணி. தட்டு மீன் இல்லை என்பதால் அதைச் சரியாக எண்ணினார். அந்தக் காலத்தில் ஒரு நாள் வயிற்று வலி வந்து ஆசுப்பத்திரிக்குப் போக, வலி ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்று என்றார். இருக்கச் சொன்னார்கள். இருந்தார். ஏழாவது மணித்தியாலம் குடல்வால் வெடித்தது.

நிஷானுக்குக் கலியாணம் பேச வந்தபோது, பெடியன் ஏதோ கொம்பனி ஒன்றுக்குப் போய் வருகிறான் என்றார். நானும் என் மனுசி சிவமலரும் இரண்டு மாதம் நித்திரை கொள்ளவில்லை. விசாரித்தால் பெடியன் விமான இயந்திரம் செய்கிற இடத்தில் பொறியியலாளர், அவனுக்குக் கீழே பதினொரு பேர்.

ஆள் இப்படி. இனி மீன் கதை.

இந்த வருடம் சித்திரைத் தொடக்கத்தில், சாம்பவிக்குப் பிள்ளை பிறக்கிற மாதம் நெருங்க, கர்க்லாண்டில் அவர்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கிற வீட்டில் ஒரே சுத்தப்படுத்தல். நீக்கிலாரின் மனுசி அக்னெஸ் அலுமாரியை நகர்த்தும்போதெல்லாம் இவர் அதற்கு முன்னால் நின்றிருக்கிறார். வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள் என்று அக்னெஸ் அனுப்பிவிட்டார். இவர் பஸ் எடுத்து மேற்கே போனார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போகிற வழியில், ஒரு சின்ன ஓடை ஏரியில் விழுகிற இடத்தில் இறங்கினார். தண்ணீர் தெரிந்ததால் இறங்கினேன் என்றார்.

அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். பனி உருகியதும் ஏரி மேலே ஏறி, கரையில் உள்ள மேப்பிள் காட்டுக்குள் வந்துவிடும். சித்திரை முழுக்க மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும். அந்த மரங்களுக்குள்தான் ப்ரோஷே என்கிற மீன் முட்டையிட வரும். நீட்டுத் தாடை, நாய்ப்பல். நீக்கிலார் அதைக் கண்ட நாளிலிருந்து சீலா என்றுதான் சொல்கிறார். கடல் சீலாவின் சொந்தக்காரர் யாரோ ஆற்றில் குடியேறி இப்படி ஆகிவிட்டார் என்பது அவருடைய எண்ணம்.

அந்தக் காட்டை மண் போட்டு நிரப்பி, படகு இழுக்கிற வண்டிகள் விடுவதற்கு இடம் எடுக்க அந்த ஊர் நகரசபை யோசித்திருந்தது. அதை எதிர்த்து ஒன்பது பேர் ஓடை நண்பர்கள் என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கரையில் குப்பை பொறுக்குவார்கள், செடி நடுவார்கள், கடிதம் எழுதுவார்கள். தலைவி ஜெனவியேவ் என்கிற பிள்ளை, முப்பத்திரண்டு வயது, மீன் படித்தவள், பக்கத்து விவசாயக் கல்லூரியில் வேலை. கடைசியில் நகரசபை ஒரு வார்த்தை கொடுத்தது. சித்திரை மாதம் வலை வைத்து எண்ணுங்கள், ஒரு காலைக்குச் சராசரி பத்து மீன் என்று காட்டினால் நாங்கள் வேறு இடம் பார்க்கிறோம். பத்துக்குக் குறைந்தால் அது வழிப்போக்கு மீன், காடு அதற்குத் தேவையில்லை என்று நகரசபை அமர்த்திய நிபுணர் எழுதியிருந்தார்.

நீக்கிலார் போய் இறங்கிய அன்றைக்கு ஜெனவியேவ் வலை வைத்து ஏழு நாள். ஏழு நாளும் ஒரு மீனும் இல்லை.

அந்த வலை எங்கள் பக்கத்துச் சிறகுவலை மாதிரி. கம்பு நட்டு, இரண்டு பக்கமும் சிறகு போல வலையை விரித்து, வருகிற மீனை நடுவில் உள்ள கூட்டுக்குள் நடத்திக்கொண்டு போகிற வேலை. ஜெனவியேவ் சிறகைப் பிழையான பக்கம் விரித்திருந்தாள். மீன் வந்து, சிறகில் முட்டி, வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறது. நீக்கிலார் கரையில் நாற்பது நிமிடம் நின்று அவளையும் வலையையும் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டு, காற்சட்டையோடு பனித்தண்ணீருக்குள் இறங்கி, கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாற்றி நட்டார்.

அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னீர்கள் என்று நான் பிறகு கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை," என்றார். "வலை பிழை எண்டால் வலையோடதானே கதைக்கவேணும்."

அடுத்த நாள் காலை மூன்று மீன் கிடந்தது. ஜெனவியேவ் அவரைக் கட்டிப்பிடித்தாள். அவர் கட்டிப்பிடிக்கப்பட்டபடி நின்றார். மீன் தொடுவதற்கு அரசாங்க அனுமதி வேண்டும் என்பதால் அவருடைய பெயரையும் அதில் சேர்க்கப் படிவம் எடுத்தாள். எத்தனை வருட அனுபவம் என்று ஒரு கட்டம் இருந்தது. கொஞ்சம் என்றார். அவள் ஒன்று என்று போட்டாள்.

காலை ஆறு மணிக்கு வலை தூக்க வேண்டும், அந்த நேரம் அங்கே பஸ் இல்லை. இருபத்தைந்து வருடம் டாக்ஸி ஓடிய சம்பந்தி சும்மா இருக்கிறார் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. இப்படித்தான் நானும் சங்கத்தில் சேர்ந்தேன். முழங்கால் சரியில்லாததால் எனக்கு மடக்குக் கதிரையும், பலகையில் செருகிய கடதாசியும் தந்தார்கள். அவர் தொகை சொல்ல நான் எழுத வேண்டும். எழுதுகிற வேலை எனக்குக் கிடைத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் முறை. வடிவாக எழுதினேன்.

வேலை இப்படி நடக்கும். நீக்கிலார் நெஞ்சு வரைக்கும் ஏறுகிற ரப்பர் காற்சட்டையோடு மரங்களுக்குள் நாற்பது மீற்றர் நடந்து போவார். கூட்டைத் தூக்குவார். ஒவ்வொரு மீனின் முதுகிலும் மஞ்சள் நிறத்தில், ஒன்றிலிருந்து வரிசையாக இலக்கம் போட்ட ஒரு சின்ன நூல் குத்துவார். உடுப்புக் கடையில் விலைச்சீட்டுக் குத்துகிற சாமான் மாதிரி ஒன்று. ஐந்நூறு நூல் உள்ள பெட்டியை ஜெனவியேவ் அவர் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். குத்திய மீனை அந்தப் பக்கம் விடுவார். எல்லாம் முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு. கரைக்கு முகம் காட்டி வலை தூக்குவதில்லை என்பதும் குருநகர்ப் பழக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது. குளிர் காற்றுக்கு முதுகு கொடுக்கிறார் என்று நினைத்தேன். பிறகு கரைக்கு வந்து மூக்கைத் துடைத்துவிட்டுத் தொகை சொல்லுவார். நாலு. ஐந்து. மூன்று. நாலு. நான் எழுதி, கையெழுத்து வைத்து, மத்தியானம் படம் எடுத்து ஜெனவியேவுக்கு அனுப்புவேன். வலை சரியாகிவிட்டது என்பதால் அவள் காலையில் வருவதை விட்டு, நகரசபைக் கடிதங்களோடு மாரடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் கிழமை முடிய அவள் ஒரு நாள் வந்தாள். என் கடதாசிகளைப் புரட்டினாள். கொண்டுவந்த சான்ட்விச்சில் பாதியைச் சாப்பிட்டு, மீதியைத் திரும்பச் சுற்றி வைத்துவிட்டு, மரங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் வீட்டில் யாருக்கும் சுகமில்லையோ என்று நீக்கிலார் காரில் வரும்போது என்னைக் கேட்டார். நான் தெரியாது என்றேன். நல்ல பிள்ளை, பாவம் என்றார்.

சித்திரை இருபத்துநாலாம் தேதி பின்னேரம் எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ தொள்ளாயிரத்து இருபது கிராம். இதை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ஆசுப்பத்திரிக் கடதாசியில் இருக்கிறது, அந்தக் கடதாசியின் படம் என் தொலைபேசியில் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டுகிறேன். தலைமயிர் பிடரி வரைக்கும். இடது காலின் சின்னவிரல் எங்கள் பக்கத்து விரல். இதை அக்னெஸ் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் விரலைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, பாரிஸில் இருக்கிற அக்னெஸின் தங்கை என் தொலைபேசிக்கு எடுத்தார். அழுதுகொண்டு கதைத்தார். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள்ளா, டொக்டர்மார் என்ன சொல்கிறார்கள், மூன்று கோயிலில் பூசைக்குக் கொடுத்திருக்கிறோம் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை பால் குடித்துவிட்டு உரத்து ஏவறை விடுகிறது என்றேன். அவர் நம்பவில்லை. பேரப்பிள்ளை ஒன்றேகால் கிலோ என்று நீக்கிலார் தன் வாயாலேயே சொன்னாராம்.

போனை வைத்துவிட்டு அந்த ஒன்றேகாலை யோசித்தேன். கோப்பாயில் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் வெங்காயம் விற்ற வீடு, கணக்கு மனதில் ஓடும். மூன்றே முக்காலும் ஒரு சொச்சமும். அதில் மூன்றில் ஒன்று. அப்போதுதான் என் வடிவான கடதாசிகள் கண்ணுக்குள் வந்தன.

அடுத்த நாள் காலை காரில் ஏறியதும் கேட்டேன்.

"அண்ணை, பிள்ளையின்ர நிறையை ஏன் குறைச்சுச் சொன்னனீங்கள்?"

"நல்ல கொழுத்த பிள்ளை. அதைப் போய் ஊருக்குச் சொல்லுறதோ?"

"அப்ப மீன்?"

அவர் வெளியே பார்த்தார். "மீனும் நல்ல கொழுத்ததுதான்."

"நேற்று எத்தினை?"

"நீங்கள்தானே எழுதினனீங்கள். நாலு."

"நான் எழுதினதைக் கேக்கேல்லை. வலைக்குள்ள கிடந்தது எத்தினை?"

அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றி மூடினார். என் பக்கத்தையும் மூடச் சொன்னார். மூடினேன். பிறகு மெதுவாக, "பதினாலு," என்றார்.

நான் காரை ஓரமாக நிற்பாட்டினேன்.

"நீங்கள் மூண்டால பெருக்கேல்லையோ?" என்று அவர் கேட்டார்.

"இல்லை."

"அந்தப் பிள்ளை?"

"அவள் எப்பிடிப் பெருக்குவாள்? அவள் கியூபெக் பிள்ளை."

அவளுடைய பாதிச் சான்ட்விச் இப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பிறகு சொன்னார்:

"அவள் சரி. நீங்கள் தமிழன். கோப்பாய் ஆக்களோட இதுதான் கரைச்சல். வெங்காயத்தை எண்ணி எண்ணி, சொன்னதைச் சொன்னபடியே எழுதுறது."

அன்றைக்கு வலை தூக்காமல் நேரே ஜெனவியேவிடம் போனோம். அந்த ஒரு மணித்தியாலமும் இரண்டு கோப்பியும் அங்கேதான் செலவானது. அவள் சத்தம் போடவில்லை. கேட்டு முடித்துவிட்டு நூல் பெட்டியைத் தரச் சொன்னாள். காரின் முன்மூடியில் கொட்டி மூன்று பேரும் எண்ணினோம். இருநூற்று முப்பத்தொன்று மிச்சம். ஐந்நூறில் இருநூற்று அறுபத்தொன்பது போயிருந்தது. என் கடதாசியில் பத்தொன்பது காலைக்கும் சேர்த்து எண்பத்தொரு மீன். அவருடைய வாய்தான் குறைத்திருக்கிறது. கை ஒரு மீனையும் விடவில்லை.

அவள் அன்றைக்கே நகரசபைக்கு எழுதினாள். நிபுணரிடமிருந்து அடுத்த நாள் பதில் வந்தது. பெட்டியிலிருந்து நூல் குறைந்தால் அது மீனில்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லை, தண்ணீரில் விழுந்தும் இருக்கலாம், கையெழுத்து வைத்த கடதாசி எண்பத்தொன்று என்கிறது. நியாயம்தான். நானென்றாலும் நம்பமாட்டேன், அதுவும் என் கையெழுத்து. ஆனால் ஒரு நாள் காலை மட்டும் தருகிறேன் என்றார். வியாழக்கிழமை தானே வருவாராம். அனுமதியின் கடைசி நாளும் அதுதான். அதுவரைக்கும் மீன் சேராமல் கூட்டின் பின்வாயைத் திறந்து விட வேண்டும். அன்றைக்கு, இத்தனை நாளும் வலை தூக்கியவரே தனக்கு முகம் காட்டி வலை தூக்கி, மீனை ஒவ்வொன்றாகக் காட்டி, தொகையைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

அதாவது நீக்கிலார் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவர்கள் வீட்டு மேசையில் இருந்து இதைக் கதைத்தோம். பேத்தி என் மடியில் நித்திரை. முகம் காட்டித் தூக்குவேன், மீனைக் காட்டுவேன், வேண்டுமென்றால் அவரே எண்ணட்டும், வாயால் மட்டும் சொல்லமாட்டேன் என்று நீக்கிலார் முடிவாகச் சொன்னார். நான் நிபுணரின் கடிதத்தைத் திரும்பவும் வாசித்துக் காட்டினேன். அதில் வாய் என்றுதான் இருந்தது.

கலியாணம் கட்டிய புதிதில் அக்னெஸ் ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரிக்கு முழுத்தொகை சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு நாற்பது நாள் வலையில் நண்டுக்காலும் பாசியும்தான் வந்ததாம். அந்த நாற்பது நாளும் சோளகக் காற்று, ஊரில் ஒருவருக்கும் மீன் படவில்லை என்று அக்னெஸ் சொன்னார். சோளகம் ஏன் அன்றைக்குப் பார்த்துக் கிளம்பினது என்று நீக்கிலார் கேட்டார். இந்தச் சண்டைக்கு நாற்பது வயது ஆகிறது என்று எனக்கு விளங்கியது.

பிறகு அவர் குரலை இறக்கிச் சொன்னார்:

"எனக்கெண்டால் போகட்டும். எனக்கு அந்த மீன் கறிக்கும் இல்லை, விக்கவும் இல்லை. ஆனா எல்லாம் வயித்தில முட்டையோட வாறதுகள். பிள்ளைத்தாச்சியள். அதுகளைத் தூக்கிப் பிடிச்சு, ஊர்ப் பெரியாள் முன்னால தொகை சொல்லுறதோ? நாளைக்கு அதுகளுக்கு ஒண்டு நடந்தால்?"

அக்னெஸ் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் சொன்னார்:

"சொன்னால் மீன் போகும் எண்டுறியள். சொல்லாட்டி மரம் போகும். மரம் போனால் மீன் எங்க முட்டை போடும், கார் விடுற இடத்திலயோ? ரெண்டு பக்கத்தாலயும் போறதெண்டால், சொல்லிப்போட்டுப் போகட்டும்."

நீக்கிலார் எழும்பிப் போய்ப் பேத்தியின் காலுறையைச் சரிசெய்துவிட்டு வந்தார். அது சரியாகத்தான் இருந்தது.

புதன்கிழமை போய், இரவு வருகிற மீன் தங்குவதற்காகக் கூட்டின் பின்வாயைக் கட்டினார். கூட யாரும் வரவேண்டாம் என்றார். நான் காரிலேயே இருந்தேன்.

வியாழன் காலை நல்ல குளிர். நிபுணர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மனுசன், புது ரப்பர் சப்பாத்து, விலைச்சீட்டு இன்னும் கழற்றவில்லை. ஜெனவியேவும் சங்கத்து எட்டுப் பேரும் கரையில் நின்றார்கள். நிபுணர் ரப்பர் காற்சட்டை போட்டுக்கொண்டு நீக்கிலாருக்கு எதிரே, வலையிலிருந்து மூன்று மீற்றரில் போய் நின்றார். தண்ணீர் அவர் இடுப்பு வரைக்கும்.

நீக்கிலார் கரைக்கு முகம் காட்டித் திரும்பினார். மூன்று கிழமையாக அவருடைய முதுகையே பார்த்தவன் நான், அந்த முகத்தை எதிர்பார்க்கவில்லை. ஆசுப்பத்திரியில் மூன்று என்று சொன்ன முகம் அப்படித்தான் இருந்திருக்கும். குருசு போட்டுக்கொண்டார். கூட்டைத் தூக்கினார்.

முதல் மீன் கை நீளம் இருக்கும். வால் அடித்து நிபுணரின் கண்ணாடியை நனைத்தது. நீக்கிலார் அதைத் தூக்கிக் காட்டினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. திரும்பத் திறந்தார். ஆன் என்றார். ஒன்று. அது நல்ல தட்டு அடுக்குகிற பிரெஞ்சு. த, த்ருவா, கத்ர். பத்தைத் தாண்டியபோது சங்கத்தில் ஒரு மனுசி மற்றவளின் கையைப் பிடித்தாள். பதினைந்தில் அவருடைய குரல் கொஞ்சம் கூடியது. இருபதில் குசினியில் நின்ற சத்தம் வந்துவிட்டது. மீன் குறையவில்லை. கடைசி மீன் சின்ன ஆண் மீன். அதையும் தூக்கிக் காட்டி, த்ராந்த்-கத்ர் என்றார். முப்பத்துநாலு.

அதில் ஒன்பது மீனின் முதுகில் ஏற்கெனவே மஞ்சள் நூல் இருந்தது. நிபுணர் ஒவ்வொரு நூலையும் பிடித்து வாசித்து எழுதினார். எண்பத்தொன்றுக்கு மேற்பட்ட இலக்கம் ஏழு. ஆகப் பெரியது இருநூற்று அறுபத்திரண்டு. அதை அவர் இரண்டு தடவை வாசித்தார். பிறகு, ஒவ்வொரு நாளும் உண்மையில் எத்தனை என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

நீக்கிலார் மரங்களைப் பார்த்தார். அதுவும் கேட்பார்கள் என்று அவரிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. முப்பத்துநாலைச் சொன்னவருக்கு இனி என்ன. முதல் நாள் மூன்று, அடுத்த நாள் பதினொன்று, பிறகு ஒன்பது, பிறகு பதினாறு என்று, தண்ணீருக்குள் நின்றபடியே பத்தொன்பது நாளையும் வரிசையாகச் சொன்னார். ஜெனவியேவ் கரையில் கூட்டினாள். இருநூற்று எண்பத்தெட்டு. நூல் இருநூற்று அறுபத்தொன்பது. மிச்சம் பத்தொன்பது, திரும்பி வந்த மீன், ஏற்கெனவே நூல் உள்ளதற்கு இன்னொன்று குத்துவதில்லை என்றார் நீக்கிலார். நிபுணர் அதையும் எழுதினார். சராசரி பதினைந்து சொச்சம்.

கரைக்கு வந்து என் கதிரையில் இருந்தார். குளிர் என்றார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வலை இல்லை, வேலை இல்லை. ஆறு மணிக்கு அவர் நிஷானின் காரில் வந்து இறங்கி என் வாசலில் நின்றார். ஓடைக்குப் போனோம். சுருட்டிய வலை கரையில் கிடந்தது. அவர் தண்ணீருக்குள் இறங்காமல் கரையிலேயே நின்று மரங்களுக்கு இடையே பார்த்தார். கால் மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மரத்தடியில் தண்ணீர் கலங்கி, ஒரு வால் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் சில. நான் எண்ணத் தொடங்கினேன். அவர் என் தோளில் கை வைத்தார். நிறுத்தினேன்.

நகரசபை கூடுவதற்கு நாலு கிழமை எடுத்தது. அந்த நாலு கிழமையும் நீக்கிலார் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தார். பேத்தி இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறாள். முதல் சிரிப்பு எனக்கு என்பதற்குச் சிவமலர் சாட்சி.

இன்று காலை பேத்தியைப் பார்க்கப் போயிருந்தபோது ஜெனவியேவ் தொலைபேசி எடுத்தாள். நேற்றுக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. படகு வண்டிகள் விடுகிற இடம் பழைய பனிச்சறுக்குத் தளத்துக்குப் பக்கத்தில் போகிறது. காட்டை விட்டுவிட்டார்கள். ஆனால் இனி ஐந்து வருடம், ஒவ்வொரு சித்திரையும் எண்ணிக் காட்ட வேண்டுமாம். நீக்கிலார் வருவாரா என்று கேட்டாள். அவர் போனை வாங்கிப் பிரெஞ்சில் இரண்டு சொல் பேசிவிட்டு வைத்தார். என்ன சொன்னீர்கள் என்று அக்னெஸ் குசினியிலிருந்து கேட்டார்.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார். "ஆனா அந்த நிபுணர் ஐயாவும் ஒவ்வொரு நாளும் வந்து நிக்கவேணும். நான் பிடிக்கிறன். தொகையை அவர் தன்ர வாயால சொல்லட்டும்."